ஒரு தீவின் சர்க்கரையை அளந்த மழைக்காலம்

கரீபியன் கடலில் விடியும்போது புனேயில் பிற்பகல் மூன்றரை மணி. அந்த மழைக்காலம் முழுக்க என் நாள் அந்த மூன்றரையைச் சுற்றித்தான் ஓடியது. அலுவலகம் போகிற நாட்களில் ஹிஞ்சேவாடியில் நாலாவது மாடிக் கூட்ட அறை. வீட்டிலிருந்து வேலை செய்கிற நாட்களில் கட்கியில் மாமனாரின் முன்னறை. எங்கே இருந்தாலும் மூன்றரைக்கு மடிக்கணினியைத் திறந்துவிடுவேன். திரையில் முதலில் இருட்டு தெரியும். பிறகு கைவிளக்கு வெளிச்சம் ஆடும். அதன் பின்னால் ஒரு பெண்மணி மூச்சிரைக்க நடந்து வருவார்.

அந்தத் தீவின் பெயரை நான் சொல்லக் கூடாது. ஒப்பந்தம் அப்படி. வரைபடத்தில் ஒரு மிளகு அளவு இருக்கும். அந்த அம்மாள் அங்கே மூத்த செவிலியர். தீவில் எத்தனை பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் கணக்கெடுப்பைத் தெருவில் இறங்கி நடத்தியவர் அவர்தான்.

அவர் பேசியது அவர்கள் ஊர் ஆங்கிலம், இழுத்து இழுத்துப் பாடுகிற மாதிரி. யாரை அழைத்தாலும் ஒரு செல்லச் சொல் சேர்த்துத்தான் அழைப்பார். என் காதில் அது எங்கள் கோவைப் பக்கத்துக் 'கண்ணு' ஆகவே விழுந்தது. அவர் சொன்னதெல்லாம் எனக்குள் தமிழாக மாறித்தான் தங்கியிருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

நான் புள்ளியியல் படித்தவள். வேலைக்காகக் கோயம்புத்தூரிலிருந்து புனே வந்தேன். இங்கேயே கட்கியில் மூன்று தலைமுறையாக இருக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டேன். எங்கள் நிறுவனம் மருத்துவக் கணக்கெடுப்புகளுக்குக் கணக்குப் போட்டுக் கொடுக்கும். எந்தெந்த வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும் என்று குலுக்கிப் போட்டுத் தேர்ந்தெடுப்பதும், வந்த அளவுகளிலிருந்து மொத்தத் தீவின் நிலையைக் கணிப்பதும் என் பொறுப்பு.

தீவில் சர்க்கரை நோய் நிறைய என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். குடும்பத்துக்கு ஒருவராவது காலை இழந்திருப்பார், அல்லது கண் மங்கியிருப்பார். ஆனால் எவ்வளவு நிறைய என்று கேட்டால் பதில் கிடையாது. மருத்துவமனைக்கு வந்தவர்களை எண்ணலாம். வராதவர்களை யார் எண்ணுவது? நோய் இருப்பதே தெரியாமல் கடைக்கும் கடலுக்கும் போய்வந்து கொண்டிருப்பவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கு வீடு வீடாகப் போக வேண்டும். விடிகாலையில், அவர்கள் பச்சைத் தண்ணீர் தவிர வேறெதுவும் வயிற்றில் இல்லாமல் இருக்கும்போது.

முதல் வாரம் நான் பார்த்த காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது. தேவாலயத்தை ஒட்டிய ஒரு கூடம். மர பெஞ்சுகள். குலுக்கலில் பெயர் வந்த வீட்டாட்கள் இருட்டோடு இருட்டாக வந்து உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் ஞாயிற்றுக்கிழமைப் பிரார்த்தனைக்குப் போகிற உடுப்பில் வந்திருந்தார்கள். தலையில் பூ வைத்த தொப்பி, கைகளில் வெள்ளைக் கையுறை. ரத்தம் கொடுக்க வந்தவர்கள்!

"ஏனுங்க இவ்வளவு அலங்காரம்?" என்று கேட்டேன்.

"எங்க ஊருக்காகச் செய்யற காரியம் கண்ணு. பழசைக் கட்டிட்டு வருவாங்களா?" என்றார் செவிலியர்.

முதல் ரத்தம் எடுத்ததும் இனிப்புக் கரைசல் ஒன்றைக் குடிக்கக் கொடுப்பார்கள். பிறகு இரண்டு மணி நேரம் காத்திருந்து மறுபடி ரத்தம் கொடுக்க வேண்டும். அந்த நேரத்தைக் கழிக்க அவர்கள் பாட ஆரம்பித்தார்கள். ஒருவர் எடுத்துக் கொடுக்க, பெஞ்சு பெஞ்சாகக் குரல்கள் சேர்ந்துகொண்டன. ஹிஞ்சேவாடியில் அந்தக் கூட்ட அறைக் கதவைத் திறந்து சக ஊழியர்கள் எட்டிப் பார்த்தார்கள். வெளியே மழை. சாலையில் கம்பெனி வண்டிகள் நகராமல் நின்றன. என் மடிக்கணினிக்குள் பசித்த வயிறுகள் பாடிக்கொண்டிருந்தன. நான் அதுவரை எத்தனையோ ஊர்களின் கணக்கைப் போட்டிருக்கிறேன். அவையெல்லாம் எனக்கு வரிசைகள், கட்டங்கள். ஒரு கட்டத்துக்குப் பின்னால் ஒரு தொப்பியும் ஒரு பாட்டும் இருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

வீட்டிலிருந்து வேலை செய்யும் நாட்களில் மாமனார் என் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொள்வார். கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பூர்வீகம் வேலூர்ப் பக்கம். பேச்சில் வேலூரும் இந்தியும் மராத்தியும் ஒன்றாகக் கொதிக்கும். அவருக்கும் சர்க்கரை உண்டு. மாத்திரை ஒரு கையில், வடாபாவ் மறு கையில்.

"இன்னாமா, உன் தீவு எழுந்துச்சா?" என்று கேட்டபடியேதான் வந்து உட்காருவார்.

"எழுந்துட்டாங்க மாமா."

"எத்தினி ஜனம் அங்க? எல்லார் ரத்தமும் எடுக்கறாங்களா?"

"இல்லீங்க. குலுக்கல்ல வந்த வீட்டுல மட்டுந்தான். அதை வச்சு மொத்தத் தீவையும் கணக்குப் போட்டுருவோம்."

"அட, லாட் டெஸ்ட்! நாங்களும் அதான பண்ணுவோம். ஒரு லாட் தோட்டா வந்தா எல்லாத்தையும் சுட்டுப் பாக்க முடியுமா? கொஞ்சம் உருவி எடுத்துச் சுடுவோம். அது ஒழுங்கா வெடிச்சா மத்ததும் பராபர்." கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "ஆனா நாங்க உருவினது திரும்பி வராது. உன் ஆளுங்க ரத்தம் குடுத்துட்டு நாஷ்டா துன்ன வீட்டுக்குப் போறாங்க. அச்சா காம்மா, நல்ல வேலை."

நான் சிரித்துவிட்டேன். அதன் பிறகு தினமும் அவருக்குத் தீவின் நிலவரம் சொல்லியாக வேண்டும் என்றாகிவிட்டது.

சிக்கல் ஒரு மேட்டு வீட்டில் ஆரம்பித்தது. தீவின் வடகோடியில், செங்குத்தான பாதையில் ஏறிப் போகிற இடத்தில் தனியாக வசிக்கும் ஒரு படகுக்காரர். குலுக்கலில் அவர் வீடு வந்திருந்தது. ஒருநாள் செவிலியர் சலிப்போடு பேசினார்.

"கண்ணு, அந்த மனுசன் கிடைக்கவே மாட்டேங்கறார். விடியறதுக்கு முந்தியே கடலுக்குப் போயிடறார். திரும்பி வரும்போது படகுலயே சாப்பிட்டு முடிச்சிருக்கார். பக்கத்து வீட்டம்மா தானா வந்து கையை நீட்டுது. அவங்களை எடுத்துக்கட்டுமா?"

"கூடாதுங்க," என்றேன்.

"ஒரே ஒரு வீடு தானே?"

"வீட்டுல இருக்கறவங்களை அளக்கறது சுலபம். கடலுக்குப் போறவங்க வேற மாதிரிச் சாப்பிடறவங்க, வேற மாதிரி உழைக்கறவங்க. அவங்களை விட்டுட்டு வீட்டுல இருக்கறவங்களையே எடுத்துட்டே போனா, கடைசியில நாம தீவை அளந்திருக்க மாட்டோம். நிச்சயமா தப்பான ஒரு நம்பர்தான் வரும்."

எனக்குச் சங்கடமாக இருந்தது. குளிரூட்டிய அறையில் உட்கார்ந்துகொண்டு, முழங்கால் வலியோடு மேடேறுகிற ஒருவரிடம் மறுபடி ஏறுங்கள் என்கிறேன். அவர் பெருமூச்சு விட்டார். "சரி. ஏறறேன்," என்றார்.

சில நாட்கள் கழித்து மூன்றரைக்குத் திரை விரிந்தபோது கூடத்தின் முதல் பெஞ்சில் ஒரு நெடிய மனிதர் உட்கார்ந்திருந்தார். நரைத்த தாடி. சட்டைக் கையை ஏற்கெனவே மடித்துவிட்டிருந்தார். செவிலியரின் முகமெல்லாம் சிரிப்பு.

"அவர்தான். இன்னைக்குப் படகை இறக்கலை."

"எப்படிங்க சம்மதிச்சார்?"

"சாயங்காலமா போய் அவர் வலையைப் பிரிக்கற இடத்துல உக்காந்துட்டேன். இந்தியாவுல ஒரு பொண்ணு உன்னை விட்டுட்டு வேற ஆளை எடுக்க விடமாட்டேங்குதுன்னேன். கடலுக்குப் போற அத்தனை பேருக்கும் நீதான் இங்க ஆளுன்னேன். 'அத்தனை பேருக்கும் நானா?'ன்னு கேட்டார். ஆமான்னேன். வேற ஒண்ணும் பேசலை. காலையில எனக்கு முன்னாடி வந்து உக்காந்திருக்கார்."

கடல்மீனை நம்பி வாழ்கிற ஒருவர் ஒரு முழு நாளைக் கரையில் விட்டுவிட்டு வந்திருந்தார். நான் பாடப் புத்தகத்தில் படித்த விதி ஒன்றுக்காக. அவர் ஒருபோதும் பார்க்கப்போகாத ஊரில் ஒருத்தி அதைச் சொன்னாள் என்பதற்காக. மாமனாரிடம் சொன்னேன். "ஒரு நாள் தந்தாவ, பொழப்பையே வுட்டுட்டு வந்துட்டாரா? பெரிய மனுசன்மா," என்றார்.

அந்தப் படகுக்காரரின் அளவு என்னவென்று எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன்.

விரதச் சர்க்கரையை அங்கேயே கருவியில் பார்த்துவிடுவார்கள். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனைக்கு மட்டும் ஒரு குழாய் ரத்தத்தைக் குளிர்பெட்டியில் வைத்து, விமானத்தில் வேறொரு பெரிய தீவின் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். அது உறையவும் கூடாது, வெதுவெதுப்பாகவும் கூடாது. கணக்கெடுப்பு முடியும் தறுவாயில், கடைசித் தொகுதிக் குழாய்கள் விமானத்துக்குக் காத்திருந்தபோது புயல் வந்தது.

புனேயிலும் அப்போது கனமழை. தாபோடிப் பாலத்துக்கடியில் ஆறு செம்மண் நிறத்தில் பொங்கிப் போய்க்கொண்டிருந்தது. நான் செயற்கைக்கோள் படத்தில் அந்த வெள்ளைச் சுழலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மிளகு அளவு தீவு அதன் அடியில் மறைந்துபோனது. மூன்றரைக்கு மடிக்கணினியைத் திறந்தேன். இணைப்பு இல்லை. மறுநாளும் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. மாமனார் நாற்காலியைப் போட்டுக்கொண்டு கறுப்புத் திரையைப் பார்த்தபடி என்னோடு உட்கார்ந்திருந்தார். "ஃபோன் டவர் வுழுந்திருக்கும்மா. ஆளுங்களுக்கு ஒண்ணும் ஆயிருக்காது," என்று அவர் சொன்ன தொனியில் அவருக்கே நம்பிக்கை இல்லை. என் கணவர் வேலை முடிந்து வந்து எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, துக்க வீட்டில் நுழைந்தவர்போலச் செருப்பைச் சத்தமில்லாமல் கழற்றினார்.

பிறகு ஒரு பிற்பகல், நான் ஹிஞ்சேவாடியில் இருந்தபோது, மணி அடித்தது. படம் வரவில்லை, குரல் மட்டும் வந்தது.

"கண்ணு, இருக்கியா?"

"நீங்க எப்படி இருக்கீங்க? எல்லாரும் உசுரோட இருக்காங்களா?" என்று கத்திவிட்டேன்.

"உசுருக்குச் சேதமில்லை. கூரைங்கதான் நிறையப் போச்சு. என் கூரையும் போச்சு. ரத்தம் பத்திரமா இருக்கு."

நான் குழாய்களைப் பற்றிக் கேட்கவே இல்லை. அவரே சொன்னார்.

சுகாதார நிலையத்தில் மின்சாரம் போய்விட்டது. ஜெனரேட்டருக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. குளிர்பெட்டி சூடேற ஆரம்பித்தது. அவருடைய சொந்த வீட்டுக்கு மேல் வானம் தெரிந்துகொண்டிருந்த நேரம் அது. அவர் குழாய்களை ஒரு மீன் கூடையில் துண்டு சுற்றி அடுக்கிக்கொண்டு, காற்று சற்று ஓய்ந்ததும் கரைக்கு நடந்திருக்கிறார். அங்கே மீனவர் சங்கத்தின் ஐஸ் அறை ஒன்று இருக்கிறது. தடித்த சுவர், மின்சாரம் இல்லாவிட்டாலும் இருக்கிற ஐஸ் சில நாள் தாங்கும். ஆனால் அறை முழுக்க மீன். புயலுக்கு முன்பு பிடித்துப் போட்டது. இருக்கிற ஐஸ் இரண்டுக்கும் போதாது.

"நான் வாசல்ல நின்னுட்டு எப்படிக் கேக்கறதுன்னு முழிச்சேன். அவங்க பிழைப்பு அது. அப்போ அந்தப் படகுக்காரர் வந்தார். கூடையில என்னன்னு கேட்டார். 'ஊரோட ரத்தம்'னேன். அவர் மத்தவங்ககிட்ட என்னவோ பேசினார். அவ்வளவுதான், எல்லாரும் சேர்ந்து மீனை வெளியே எடுக்க ஆரம்பிச்சுட்டாங்க."

"எடுத்து?"

"சமைச்சுட்டாங்க! பெரிய பெரிய பாத்திரத்துல, கரையிலேயே அடுப்பு மூட்டி. கூரை போனவங்க, அடுப்பு நனைஞ்சவங்க, கைப்பிள்ளைக்காரிங்க, எல்லாரும் வந்து சாப்பிட்டாங்க. ஐஸ் பூரா ரத்தத்துக்கு. அவர் உள்ளேயே ஒரு பலகை போட்டு உக்காந்துட்டார். தெர்மாமீட்டரைப் பாக்கறதும், குழாய்ங்க ஐஸ்ல நேராப் படாம துண்டை மாத்திச் சுத்தறதும் அவர் வேலை."

கூட்ட அறையில் நான் தனியாக இருந்தேன். நல்லவேளை. கண்ணீர் வழிய நின்றுகொண்டு, வெப்பநிலை எவ்வளவு இருந்தது, இடையில் ஏறியதா இறங்கியதா என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டேன். எல்லாம் வரம்புக்குள் இருந்தது. ஓடுபாதையைச் சுத்தம் செய்து முதல் விமானம் கிளம்பியபோது, மருந்து இறக்கிவிட்டுத் திரும்பும் அந்த விமானத்திலேயே கூடை ஏறியது. ஆய்வகத்தில் சந்தேகத்தோடு இருமுறை சோதித்துப் பார்த்துவிட்டு, குழாய்கள் நன்றாக இருக்கின்றன என்று எங்களுக்கு எழுதினார்கள்.

அளவுகள் எல்லாம் வந்துசேர்ந்தன. நான் அவற்றைச் சரிபார்த்தேன், ஒவ்வொரு வீடும் எத்தனை வீடுகளுக்குப் பதிலாக நிற்கிறது என்று எடையிட்டேன், வயதுவாரியாகப் பிரித்தேன். கடைசியாக ஒரே ஒரு கட்டளை பாக்கி. அதைத் தட்டினால் அந்தத் தீவில் வயது வந்தவர்களில் எத்தனை சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் என்று திரையில் வந்துவிடும். விரலை விசையின் மேல் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். இதே கட்டளையை எத்தனையோ தடவை தட்டியிருக்கிறேன். கண்ணாடிக்கு வெளியே மழை அடித்துக்கொண்டிருந்தது. பக்கத்து மேசையில் யாரோ மராத்தியில் விடுமுறைத் திட்டம் பேசிக்கொண்டிருந்தார்கள். தட்டினேன்.

ஒரு வரி வந்தது. ஒரு எண், அது எவ்வளவு முன்பின் இருக்கலாம் என்ற எல்லைகள். அவ்வளவுதான்.

அந்த எண்ணை நான் இங்கே எழுதப்போவதில்லை. அது அவர்களுடையது. ஆனால் அந்தக் கணத்தைச் சொல்லலாம். அதுவரை அந்தத் தீவில் அது ஒரு பயமாக, கல்லறைத் தோட்டத்தில் பேசிக்கொள்கிற பேச்சாக, குடும்பத்துக்குக் குடும்பம் தனித்தனித் துக்கமாக இருந்தது. இப்போது அது ஒன்றாகி என் முன்னால் நின்றது. உலகத்தில் அதை அறிந்த முதல் ஆள், ஹிஞ்சேவாடியில் ஆறிப்போன தேநீரோடு உட்கார்ந்திருந்த நான். இரவு வானத்தைப் பார்க்கும்போது வருமே ஒரு நடுக்கம், அது வந்தது. இந்த ஒரு வரிக்குள் பசித்த வயிறுகளின் பாட்டு இருக்கிறது, மேடேறிய முழங்கால் இருக்கிறது, ஒரு கரை முழுக்க ஆவி பறந்த மீன் குழம்பு இருக்கிறது. நோய் இருப்பதே தெரியாமல் இருந்தவர்கள் எவ்வளவு பேர் என்பது அடுத்த வரியில் வந்தது. அதைப் படித்துவிட்டு எழுந்து ஜன்னலோரம் போய் நின்றுகொண்டேன்.

சக ஊழியர் ஒருவர் தனியாக அதே கணக்கைப் போட்டார். அதே எண் வந்தது. பிறகு செவிலியரிடம் சொன்னேன்.

"அவ்வளவா?" என்றார். பிறகு, "அப்போ நாங்க சும்மா பயந்துக்கலை," என்றார். குரல் மாறி, "இனி யாரும் எங்களைச் சும்மா பயப்படறீங்கன்னு சொல்ல முடியாது," என்றார்.

முடிவுகள் செய்தியில் வரும் முன் ஊர்மக்களுக்குத் தாங்களே சொல்ல வேண்டும் என்று செவிலியர் பிடிவாதமாக நின்றார். கூடத்துக்குப் புதுக் கூரை போட்ட பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை கூட்டம் வைத்தார்கள். இங்கே மாலை நேரம். கட்கி முன்னறையில் நானும் மாமனாரும் உட்கார்ந்து பார்த்தோம். அவர் புதுச் சட்டை போட்டிருந்தார்.

செவிலியர் எண்ணைப் படித்தார். கூடத்தில் ஒரு முனகல் எழுந்து அடங்கியது. வடக்குக் கிராமங்களுக்கு வாரம் ஒருமுறை மருத்துவர் வருவார், கால்களைப் பார்க்கத் தனியாக ஒரு செவிலியர் நியமிக்கப்படுவார், பணத்துக்கு அரசாங்கம் ஒப்புதல் கொடுத்துவிட்டது என்று அறிவித்தார். பிறகு, "நம்ம வீடுகளைக் குலுக்கிப் போட்ட பொண்ணு இதோ இருக்கா," என்று சொல்லி ஃபோனைக் கூட்டத்தின் பக்கம் திருப்பினார்.

முகங்கள். நூல் பிடித்த மாதிரி வரிசை வரிசையாக, தொப்பிகளுக்கும் தாடிகளுக்கும் நடுவே முகங்கள். இத்தனை மாதமும் எனக்குப் பெரும்பாலும் எண்களாக வந்தவர்கள். கை ஆட்டினார்கள். நான் என்னை அறியாமல் எழுந்து நின்று கும்பிட்டேன். பக்கத்தில் மாமனாரும் எழுந்து நின்றுவிட்டார்.

அந்த நெடிய படகுக்காரர் எழுந்தார். "எனக்குச் சர்க்கரை இருக்குன்னு இந்தக் கணக்கெடுப்புலதான் தெரிஞ்சுது. மாத்திரை சாப்பிடறேன்," என்று கூட்டத்துக்குச் சொன்னார். யாரும் அவரிடம் கேட்டிருக்கவில்லை. பிறகு திரையைப் பார்த்து என்னிடம் கேட்டார்:

"அம்மா, இப்போ படிச்சாங்களே அந்த நம்பர். அதுக்குள்ளே நான் இருக்கேனா?"

எத்தனையோ கருத்தரங்குகளில் எத்தனையோ கேள்விகளுக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். இப்படி ஒன்றை யாரும் கேட்டதில்லை.

"இருக்கீங்க," என்றேன். "நீங்க வரலைன்னா அது வேற நம்பர்."

செவிலியர் அதை அவர்கள் பேச்சில் உரக்கத் திரும்பச் சொன்னார். படகுக்காரர் தலையை அசைத்து உட்கார்ந்தார். கூடத்தில் யாரோ கைதட்ட ஆரம்பித்தார்கள். தட்டல் புதுக் கூரைத் தகரத்தில் பட்டு மழைபோல் இரைந்தது.